பால்புள்ளி

வெள்ளியைத் துடைக்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. கறுத்த கரண்டியைத் தேய்ப்பதுபோல் நாணயத்தையும் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுவார்கள். வியாபாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறும் எடைக்கு எடுத்துக்கொள்வார். துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கீறல் விழும். நேற்று உங்கள் காவலர் ஒருவர் என் நாணயப் பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் தன் சட்டையில் தேய்த்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கின் மேல்தான் தேய்த்தார், பரவாயில்லை. இருந்தாலும் சொல்லிவையுங்கள்.

எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் எளிது. எங்கள் வீட்டில் கடைசி ஆறு மாதம் பேச்சு பாதி எழுத்தில்தான் நடந்தது. அக்கா எழுதுவாள், நான் வாயால் பதில் சொல்வேன், பெரும்பாலும் சொல்லாமலும் இருப்பேன்.

என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. தராசு, வெப்பமானி, அழுத்தமானி, ஈரமானி. ஆலைகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும். கருவி காட்டும் எண்ணுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். முப்பத்தோரு ஆண்டுகளில் என் சீட்டு தவறென்று ஒரு கருவிகூடத் திரும்பி வந்ததில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை.

நாணயம் சேர்க்கிறவன் என்றால் மண்ணுக்குள் கிடந்த பழைய செம்புக்காசை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சேர்ப்பது புதியவை, அச்சிட்ட நாளிலிருந்து யார் விரலும் படாதவை. ஒரு நாணயச் சாலை ஆண்டுக்கொரு பறவையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி. இவற்றைப் பரிசோதித்து மதிப்பெண் போட்டு, எண்ணிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. உச்ச மதிப்பெண் எழுபது. எழுபது என்றால் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் குறை கிடையாது. அறுபத்தொன்பது என்றால் ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று சொல்ல மாட்டார்கள். அறுபத்தொன்பதை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. என்னிடம் இருந்த பன்னிரண்டும் எழுபது.

முதல் ஆண்டுப் பறவை ஆந்தை. நான் வாங்கியபோது ஒரு நல்ல சட்டையின் விலை. வெள்ளி ஏற ஆரம்பித்ததும் மிதிவண்டி விலைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விலை. எழுபது வாங்கிய ஆந்தைகள் உலகத்தில் நாற்பத்தொன்றுதான் இருந்தன. பன்னிரண்டையும் முழுத் தொகுப்பாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று வியாபாரியைக் கேட்டேன். தனக்குத் தெரிந்து என்னோடு சேர்த்து மூன்று பேர் என்றார். அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்தவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்போது வாங்கலாமா, இன்னும் இறங்குமா என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் விலை எனக்கு முக்கியமில்லை. விற்கும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் தினமும் காலையில் விலையைப் பார்ப்பேன். நான் சொல்லாத ஒன்றை ஊரே ஒப்புக்கொள்வதுபோல இருக்கும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஜவுளிக் கடையில் இருபத்தாறு ஆண்டுகள் புடவைப் பிரிவில் நின்றவள். அவள் வாய்க்காகவே அந்தக் கடைக்கு வந்தவர்கள் உண்டு. எதையும் எடுக்காமல் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொன்ன ஒரு பெண்ணிடம், "வீட்டுக்காரரையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு மூன்று புடவை எடுத்துக்கொண்டு போனாளாம். எனக்கு 'மியூசியம்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தப் பெயர் என் அலுவலகம் வரைக்கும் எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

சென்ற ஆண்டு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை போட்டு, அதில் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். கணவர் இறந்து பல ஆண்டுகள், பிள்ளைகளும் இல்லை. நான் அழைத்து வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வருவார். முதல் நாளே எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு இனித் தொடர்பு இல்லை, மூச்சு போய்வர இந்தத் துளை ஒன்றுதான் வழி. "மூக்கு காத்த நனைச்சு உள்ள அனுப்பும் சார். அந்த வேலைய இனிமே இந்த மெஷின்தான் செய்யணும். காத்து காஞ்சதுன்னா சளி காஞ்சு கட்டியாயிடும். குழாய் அடைச்சுக்கும்" என்றார். அடைத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நிமிடக் கணக்குதான் என்றார். கட்டில் பக்கத்தில் நீராவிபோல மெல்லிய பனியை விடுகிற ஒரு இயந்திரம், குழாயில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து, சளியை உறிஞ்ச ஒரு சின்னக் கருவி. அவர் சொன்னதையெல்லாம் என் கையால் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நீங்கள் கைப்பற்றிய தாள் அதுதான். அறையில் ஈரம் ஐம்பதுக்குக் கீழே போகக் கூடாது என்ற வரிக்கு அடிக்கோடு போட்டதும் நான்தான்.

சிக்கல் அறையில்தான். கீழ்த்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த அறை ஒன்றுதான் உண்டு. என் இரும்பு அலமாரி அந்த அறையில் இருந்தது, சுவரோடு சேர்த்து முடுக்கியது. ஏன் அலமாரியை மாற்றவில்லை என்று கேட்பீர்கள். மாடியில் கூரை வெயில் நேராக இறங்கும், பகலுக்கும் இரவுக்கும் பதினைந்து டிகிரி வித்தியாசம். வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அலமாரிக்குள் ஒரு ஈரமானி உண்டு. நானே சரிபார்த்தது. அக்கா வருவதற்கு முன் முப்பத்தைந்து காட்டும். வந்த ஒரு வாரத்தில் அறையில் எழுபது, அலமாரிக்குள் ஐம்பத்தெட்டு. உள்ளே வைத்திருந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களை இரட்டிப்பாக்கினேன். அக்கா என்னையும் ஈரமானியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதினாள். "எனக்கும் எழுபது மார்க்கா? என்னையும் பெட்டில போட்டு சீல் வச்சிரு."

சின்ன வெள்ளைப் பலகை, கறுப்புப் பேனா. கடையில் பேசியதுபோலவேதான் எழுதினாள். கைப்பேசியை, பேச முடியாதவளுக்கு எதற்கு என்று அவளே அணைத்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற மின்கருவி ஒன்று விற்கிறது. இயந்திரக் குரல்தான், ஆனால் புரியும். அதன் விலை ஏறத்தாழ என் ஆந்தையின் விலை. "ஒரு பறவைய வித்துட்டு எனக்கு ஒரு கிளிப்பேச்சு வாங்கிக் குடேன்" என்று எழுதினாள். தொகுப்பு உடைந்துவிடும் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவள் பிடிவாதக்காரி அல்ல. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆந்தையை எடுத்து விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். இடது இறக்கையின் ஓரத்தில் வெள்ளையாக, மங்கலாக, பால் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்கும். முந்தைய ஞாயிறு அது இல்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், விளக்கை மாற்றிப் பார்த்தேன். பனி இயந்திரம் கொப்புளம் விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்காவிடம் காட்டினேன். கோபத்தில் காட்டவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று அவளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் காட்டினேன். பெட்டியைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்தாள்.

"டேய் மியூசியம், உன் ஆந்தை கக்கா போயிருக்கு."

எழுதிவிட்டுச் சிரித்தாள். குரல் கிடையாது. கழுத்துத் துளை வழியாகக் காற்று விட்டுவிட்டு வரும், கூடவே ஈரமும் தெறிக்கும். ஒரு துளி பெட்டியின் மேல் விழுந்தது. சிரிப்பு நிற்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் பெட்டியை வாங்கிக்கொண்டு, பலகையை அழித்து, அவள் கழுத்தையும் சுத்தம் செய்துவிட்டேன்.

மறுநாள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கி வந்து அலமாரி ஓரத்தில் வைத்தேன். பழைய புத்தகக் காப்பகங்களில் வைப்பார்களே, அந்த வகை. பனி இயந்திரத்தின் மோட்டார் எரிந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன், பாகம் வர நாளாகும் என்று அக்காவிடம் சொன்னேன். உண்மையில் அதைத் துணியில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். நர்ஸுக்குத் தொலைபேசியில், உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன், ஒரு மாதம் வர வேண்டாம் என்றேன். பத்திரமாகப் போய்வாருங்கள் என்றார். நர்ஸ் விடுப்பில் இருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். மூன்று பொய்கள். என் வாழ்க்கையில் நான் அதிகம் பொய் சொன்னதில்லை. அவை இவ்வளவு எளிதாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

முதல் நாள் அறையில் ஈரம் ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் நாற்பத்தைந்து. அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிடித்துத் தொட்டியில் சேர்த்தது. காலையில் தொட்டியை எடுத்துப்போய்ப் பின்பக்கம் கொட்டுவேன். அவ்வளவு தண்ணீர் அந்தச் சின்ன அறையில் எங்கே இருந்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அக்கா கெட்டிக்காரி. கைக்குட்டையை நனைத்துக் கழுத்துத் துளைக்கு மேலே போட்டுக்கொண்டாள். துண்டை நனைத்து நாற்காலி முதுகில் விரித்தாள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு குளியலறைக்கு நடப்பதே அவளுக்குப் பெரும்பாடு, இருந்தும் செய்தாள். துண்டை எடுத்து வெளியே காயப்போட்டேன். கைக்குட்டைகளைத் துவைக்கப் போட்டேன். தண்ணீர்க் குடத்தை அடுத்த அறையில் வைத்து, குடிக்கக் கேட்கும்போது கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன். குளியலறைக் கதவைப் பூட்டி, என் துணையோடு மட்டும் போகும்படி செய்தேன், விழுந்துவிடுவாள் என்ற காரணமும் உண்மைதான். உப்புநீர்ச் சொட்டையும் நிறுத்தினேன். உப்பு வெள்ளிக்கு ஆகாது.

"கர்ச்சீஃப் கூடவாடா திருடுவ?" என்று எழுதினாள் ஒருநாள். இன்னொரு நாள், "உள்ள அப்பளம் பொரியுது" என்று. கழுத்தைக் காட்டினாள். குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பாகப் பக்குக் கட்டியிருக்கும். சுத்தம் செய்து மாட்டிவிடுவேன். அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. குழாயைச் சுத்தம் செய்வது நுணுக்கமான வேலை, என் கைக்கு அது பழகிப்போயிருந்தது. ஆனால் பக்கு குழாய்க்குக் கீழேயும் இருக்கும், அங்கே என் தூரிகை எட்டாது, காய்ந்ததை உறிஞ்சு கருவியும் இழுக்காது. அதற்குத்தான் ஈரம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

பத்தாம் நாளுக்குப் பிறகு அவள் வேடிக்கையாக எழுதுவது குறைந்தது. "நர்ஸ் எப்ப வரும்?" "மெஷின் எப்ப வரும்?" இரண்டே கேள்விகள். பிறகு அழித்துவிட்டு எழுதும் சிரமம் வேண்டாமென்று பலகையின் இரண்டு மூலைகளிலும் அவற்றை நிரந்தரமாக எழுதிவைத்து, வேண்டியதை விரலால் தட்டிக் காட்டினாள். பாகம் வரவில்லை என்பேன். அவள் என்னை நம்பினாள். அவளுக்கு நான் சின்ன வயதிலிருந்தே கிறுக்கன், கெட்டவன் அல்ல.

பன்னிரண்டாம் நாள் ஈரமானி முப்பத்தொன்று காட்டியது. அங்கேயே நின்றது. அதே நாள், வெள்ளிக்கிழமை, வியாபாரியைப் பார்க்கப் போனேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. நன்றாக வெளிச்சம் இருந்தது. அலமாரியைத் திறந்து, மேசையில் துணி விரித்து, பன்னிரண்டு பெட்டிகளையும் வரிசையாக அடுக்கினேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் முதுகு அவள் பக்கமாக, நான்கு அடி தூரத்தில். ஏழாவது பெட்டி கையில் இருந்தபோது பேனாவால் கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவாள். இந்தமுறை வேகமாக இருந்தது.

"கொஞ்சம் பொறுக்கா. கையில இருக்கு" என்றேன்.

எதையும் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ஆள் நான் அல்ல. எட்டாவதைப் பார்த்தேன். ஒன்பதாவதைப் பார்த்தேன். தட்டல் கம்பியிலிருந்து சுவருக்குப் போனது, பிறகு கட்டில் சட்டத்துக்கு வந்தது, பிறகு தாளம் தப்பியது. பன்னிரண்டும் முடிந்ததும் ஆண்டு வரிசைப்படி அவற்றைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தேன். பொட்டலங்களைச் சரிசெய்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டேன். பூட்டும்போது அறை முழுக்க அமைதியாக இருந்தது. முதல் தட்டலிலிருந்து பதினொரு நிமிடம். மேசைக் கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன் என்று நேற்று சொன்னேன். தற்செயல் அல்ல.

திரும்பிப் பார்த்தபோது அவள் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே இருந்தது. கை என் நாற்காலியை நோக்கி நீண்டிருந்தது. பலகையில் புதிதாக எதுவும் எழுதவில்லை. பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை. குழாயைக் கழற்றினேன். அதற்குக் கீழே, தூரிகை எட்டாத இடத்தில், மரப்பிசின்போல ஒரு கட்டி அடைத்திருந்தது. ஆம்புலன்ஸை அழைத்தேன். பனி இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நீங்கள் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நேற்று நீங்கள் கேட்டது, காற்று காய்ந்தால் அவள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியுமா என்பது. தெரியும். சுவரில் இருப்பது என் கையெழுத்து. உங்கள் உதவி ஆய்வாளர் அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். நாணயப் பித்து, வெள்ளியைக் காப்பாற்றப் போய் மனுஷியைக் கொன்றுவிட்டான் என்று. நீங்களும் அதையே எழுதிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. கேட்க ஓரளவு கௌரவமாகவும் இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டாம் நாள், ஈரமானி முப்பத்தொன்றில் நின்ற அன்று, நான்காம் ஆண்டின் கொக்கில் இன்னொரு புள்ளி தெரிந்தது. அறை எலும்புபோலக் காய்ந்திருக்கும்போது வந்த புள்ளி. நான் கருவி சரிபார்க்கிறவன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வியாபாரியிடம் போனேன். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதப் பால்புள்ளின்னு சொல்வோம் சார். இது வெளியேர்ந்து வர்றதே இல்ல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தகட்ட ஒரு கரைசல்ல கழுவுவாங்க. அது சரியாப் போகாம சூளைக்குள்ள போயிட்டா உள்ளயே தங்கிடும். அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ கழிச்சு வெளிய வரும். பொறக்கும்போதே இருந்த நோய்."

"ஈரத்தால வரலையா?" என்று கேட்டேன்.

"ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க வீட்டப் பாலைவனமாக்கினாலும் வர்றது வரும்."

தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன். வெள்ளி விலை அன்றும் ஏறியிருந்தது. பாதி விலைக்குத்தான் போகும், ஆனாலும் அந்தப் பாதியே நான் வாங்கிய விலையைப்போல எத்தனையோ மடங்கு என்று ஆறுதல் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் பேருந்தில் வீட்டுக்கு வந்தேன்.

பனி இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே நல்ல நிலையில் இருந்தது. சமையலறையில் தண்ணீர் இருந்தது. தொட்டியில் ஊற்றி, சொருகி, பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா விழித்திருந்தாள். பலகையின் இடது மூலையைத் தட்டினாள். நர்ஸ் எப்ப வரும். பிறகு வலது மூலை. மெஷின் எப்ப வரும்.

பாகம் வரவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் உயிரோடு இருந்தாள். ஒன்பது நாளும் அந்த இயந்திரம் ஓடாததற்கு வெள்ளி காரணமில்லை. கொண்டுவந்து வைத்திருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். புள்ளி உன்னால் வரவில்லை அக்கா, நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவள் பலகையை எடுத்து ஏதாவது எழுதியிருப்பாள். நான் அதை நின்று படிக்க வேண்டியிருந்திருக்கும்.